கடைமடைக்காரன் அடைத்த ஓட்டை

எனக்குத் தெரியாத தண்ணீர் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. என் மனைவியைக் கேட்டால் ஒருமுறை வாங்கிய அடி போதாதா என்பாள். அந்த அடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் குரும்பகரத்துக்காரன். எங்கள் பக்கம் காவிரி கடைசியாக வந்து சேருகிற கடைமடை. மேலே இருக்கிற ஊரெல்லாம் குடித்து முடித்த பிறகு எங்கள் வாய்க்காலுக்கு வருவதுதான் தண்ணீர். சில வருஷம் அதுவும் வராது. அதனால் எங்கள் ஊர்க்காரன் காலையில் எழுந்ததும் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருவான். நண்டு வளை கண்ணில் பட்டால் வைக்கோலைச் சுருட்டித் திணித்து, மேலே சேற்றை அப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். யார் வயல் என்றுகூடப் பார்க்க மாட்டான். ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா போக எங்களுக்குக் கால் வராது.

அதே கையோடுதான் வளைகுடாவுக்குப் போனேன். அதற்கு முன்னால் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை. வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டாலும் காதுக்குள் இருக்கிற கரி போகாது. என்னை அதிலிருந்து எடுத்துவிட்டவர் காரைக்கால் டவுனில் இருந்த ஒரு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். லாரி ஆபீஸில் பழக்கம். அவர் வெளிநாட்டில் ஏரி பராமரிக்கும் கம்பெனியில் பல வருஷமாக இருந்தார். ஒரு விடுமுறையில் வந்தவர், "தம்பி, தண்ணி வேலைக்கு ஆள் கேக்குறாங்க. ஒன் பேரைச் சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்து" என்றார். அந்த ஒரு வாக்கில்தான் விசா வந்தது.

போய்ப் பார்த்தால், அம்மாடி, அப்படி ஓர் இடம். அறுபது எழுபது மாடிக் கட்டடங்கள், கழுத்து வலிக்க வலிக்க. கீழே கடைகள், மேலே ஆபீஸ், அதற்கும் மேலே வீடுகள். அங்கே குடியிருப்பவர் லிஃப்டில் இறங்கி வேலைக்குப் போய், லிஃப்டில் ஏறித் தூங்கப் போகலாம். எல்லாவற்றுக்கும் நடுவே வரிசையாக நான்கு ஏரிகள். நானும் நானாவும் கேம்ப்பிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்குவோம்.

முதல் நாளே நானாவிடம், "இது எந்த ஆத்துத் தண்ணி?" என்று கேட்டேன்.

"ஆறா? இந்த மாடியில இருக்குறவங்க எல்லாரும் காலையில குளிச்சு, கழுவி விட்ட தண்ணிதான். சுத்தம் பண்ணி அனுப்புறாங்க. கையை வாயில வச்சுராதே."

ஏரி என்று பெயர்தான். அடியில் சேறு கிடையாது. கறுப்பு ரப்பர் விரிப்பு விரித்து அதன்மேல் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஊர் எருமை ஒன்றை இறக்கினால் வழுக்கி விழுந்து அவமானப்பட்டுத் திரும்பும். நானாவுக்குப் படகில் போய் நீண்ட கொக்கியால் பாசி வாருகிற வேலை. எனக்குக் கரையைச் சுற்றி வந்து கல், விளக்கு, செடி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வரப்பு சுற்றுவதற்குச் சம்பளம் தருகிறானே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அப்படிச் சுற்றும்போதுதான் ஒருநாள் காலையில் அந்த ஓட்டையைக் கண்டேன். இரண்டாவது ஏரிக்கும் மூன்றாவது ஏரிக்கும் நடுவே ஆட்கள் நடக்கிற கல்பாதை. பாதைக்கு அடியில், கல்லுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். இந்தப் பக்கத்துத் தண்ணீர் சலசலவென்று அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எங்கள் ஊர் வரப்பே கண்ணில் நின்றது. யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டித் திணித்தேன். பூச்செடிப் பாத்தியிலிருந்து மண்ணைக் குழைத்து அப்பி, ஒரு கல்லை வைத்து மிதித்தேன். சொட்டுத் தண்ணீர் போகவில்லை. காரைக்கால் கடைத்தெருவில் வாங்கிய பச்சைக் கட்டம் போட்ட நல்ல துண்டு. போனால் போகிறது, ஓர் ஏரியைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று நடந்தேன். அன்றே அதை மறந்தும் போனேன்.

பத்து நாளில் மூன்றாவது ஏரி ஒரு சாண் இறங்கிவிட்டது. அங்கே வெயில் அப்படி. கரையோரம் கறுப்பு விரிப்பு வெளியே தெரிந்தது. நீரூற்று இருமி இருமி நின்றுபோனது. மாடி வீட்டுக்காரர்கள் படம் எடுத்துப் புகார் அனுப்பினார்கள். மேலாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பம்ப் எல்லாம் சரியாக ஓடியது. அப்படியானால் விரிப்பு கிழிந்திருக்க வேண்டும், கிழித்தது படகுக் கொக்கியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். படகு ஓட்டுபவர் நானா ஒருவர்தான்.

"வியாழக்கிழமைக்குள்ள ஓட்டை எங்கன்னு தெரியலேன்னா என் விசாவை கேன்சல் பண்றாங்களாம்" என்றார் நானா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. ஐம்பத்தைந்து வயதில் ஊருக்குப் போய் என்ன வேலை தேடுவது? அவரை நம்பி ஒரு குடும்பமே இருந்தது.

"நான் இருக்கேன்ல நானா, கண்டுபிடிச்சுடுறேன்" என்று மார்தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் சொன்னேன். மூன்றாவது ஏரியை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் வெளியேறுகிற இடத்தைத் தேடினேனே தவிர, உள்ளே வருகிற இடத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மேலாளர் எதிரிலேயே, "விரிப்பு கிழிஞ்சிருந்தா எனக்குத் தெரியாம இருக்காது சார்" என்று வேறு அளந்தேன்.

புதன்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஊரிலிருந்து மனைவி வீடியோவில் அழைத்தாள். குறுவை நட்டு இருபது நாள். முகத்தைப் பார்த்ததுமே கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்தது.

"வயல் காயுதுங்க. நம்ம வாமடையை மேல வயல் அண்ணன் அடைச்சு வச்சிருக்காரு. நாலு நாளா தண்ணி வரலேன்னு, தண்ணி தெறந்து விடுற முறைக்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் பார்த்தேன்."

வாமடை என்றால் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் வர வரப்பில் விடுகிற வழி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போனை அவர்கிட்ட குடு" என்றேன். பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"ஏண்ணே, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? மேல நிக்கிறவன் கீழ இருக்குறவனைப் பத்தி நினைக்க வேணாமா? வழியை அடைச்சா பயிரு எதைக் குடிக்கும்?"

அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காத தம்பி. வரப்பு வெட்டினப்ப புல்லு மூடிக் கெடந்துச்சு. நண்டு வளைன்னு நெனச்சுட்டேன். ஓட்டையைப் பார்த்தா கை சும்மா இருக்குமா, சொல்லு?"

மேலும் திட்ட வாயைத் திறந்தவன் தட்டைத் தள்ளி வைத்தேன். பச்சைத் துண்டு ஞாபகம் வந்துவிட்டது.

"என்னங்க, பேசுங்க" என்றாள் மனைவி.

"அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். யாருக்கும் தெரியாமல் துண்டை உருவி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஒரு சாண் தண்ணீர் ஏற நாள் பிடிக்கும். வியாழக்கிழமையோ நாளைக்கே. அதற்குள் நானாவின் விசா ரத்துத் தாளில் கையெழுத்து விழுந்துவிடும். பயம்தான். கை கழுவிவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனேன்.

அவரை அழைத்து வந்து, கல்லை நகர்த்தி, துண்டைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் குபுகுபுவென்று மூன்றாவது ஏரிக்குள் பாய்ந்தது. அந்தக் குழாய் அவருடைய வரைபடத்தில் இல்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனி போட்டது, இவர்களுக்குச் சொல்லாமல் போயிருக்கிறது. அவர் குனிந்து குழாயைப் பார்த்தார்.

"ஏன் அடைச்சே?"

"தண்ணி வீணாப் போகுதுன்னு நெனச்சேன் சார். நான் கடைமடைக்காரன்."

கடைமடையை அவருக்கு எப்படி விளக்குவது? எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். நானாவின் தாளைக் கிழித்துவிட்டு என்னை இரண்டு மாதம் குப்பை வண்டிக்கு அனுப்பினார். அதோடு விட்டாரே. திரும்பி வந்தபோது அந்தக் குழாயைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையைத் தாண்டும்போது கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஏரியில் எங்கே தண்ணீர் குறைந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

சொல்ல வந்தது அதுவல்ல. வியாழக்கிழமை காலை நானா என்னிடம் வந்தார். எங்கள் வயல் வாமடைக் கதை அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. துண்டைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"மன்னிச்சுருங்க நானா. என்னால ஒங்களுக்கு..."

"செவ்வாக்கெழமையே பார்த்துட்டேன் தம்பி. படகுலேருந்து அந்தப் பச்சை நுனி தெரிஞ்சுச்சு. கடைத்தெருவுல நீ வாங்கினப்ப நான்தானே கூட நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏன் சொல்லலே?"

"ஒன்னை இங்க கொண்டு வந்தது இந்த வாய். இந்த வாயாலயே எப்புடி அனுப்புறது?"

"நானும் சொல்லாமலே இருந்திருந்தா?"

அவர் துண்டை என் தோளில் போட்டார். "ஊருக்குப் போயிருப்பேன். போற அன்னைக்கு அந்தத் துண்டை உருவிட்டுப் போயிருப்பேன். ஒங்க வயலுக்குத் தண்ணி வந்துச்சான்னு போய்ப் பார்த்து ஒனக்குப் போன் பண்ணியிருப்பேன்" என்றார். பிறகு கொக்கியை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார்.