சிவப்பு அட்டைக்காரன் அய்யாதுரை

அய்யாதுரை தன் தங்கை புருஷனை முதல்முறை அடித்தது ஒரு கம்பெனிக்காக. சிவகாசியில் அய்யாதுரை என்று ஒருத்தன் இருப்பதே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கும் என்று நம்பவும் இடமில்லை.

நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்கிய குடும்பம். மதுரையில் ஒரு கடையில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் மாட்டக் கற்றுக்கொண்டு, சிவகாசியில் சொந்தக் கடை போட்டான். தாய் தகப்பன் போனபின் அவனுக்கு மிஞ்சிய ஒரே சொந்தம் தங்கை பொன்மணி. தன்னிடம் வேலை பார்த்த பெத்தணனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தான். இரண்டாம் வருஷமே மாப்பிள்ளை எதிர்ச்சாரியில் தனிக்கடை போட்டான். அதையும் பொறுத்துக்கொண்டான். ஆனால் தான் ஏடிஐ கிராபிக்ஸ் கார்டு விற்கும் தெருவில் மாப்பிள்ளை கடை வாசலில் என்விடியா போர்டை மாட்டியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கம்ப்யூட்டருக்குள் இருந்து திரையில் படத்தை வரைந்து காட்டும் அட்டைதான் கிராபிக்ஸ் கார்டு. ஏடிஐ பெட்டியில் சிவப்பு, என்விடியா பெட்டியில் பச்சை. உலகத்திலேயே இந்த இரண்டு கம்பெனிக்குத்தான் பெரிய போட்டி. எது வேகம், எது சூடாகாது, எது விலைக்குத் தகும் என்று கேட்டால் நியாயமான பதில், 'இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது' என்பதுதான். அந்த நியாயத்தை அய்யாதுரையிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல்? பச்சைப் பெட்டி கேட்டு வந்த ஒரு காலேஜ் பையனைச் சட்டையைப் பிடித்துப் படியிறக்கியவன் அவன்.

2006இல் ஏடிஐயை இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. பெத்தணனுக்குக் கொண்டாட்டம். "வித்துப்போன கம்பெனி சாமானு, நாளைக்கு ரிப்பேருன்னா யாருகிட்டப் போவீக?" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னான். அய்யாதுரை தெருவைக் கடந்து போய் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது.

அன்று சாயங்காலம் பொன்மணி அண்ணன் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, எனக்குன்னு இருக்கது நீங்க ரெண்டு பேருதான். இன்னொருக்கா அவுக மேல கை வச்சேன்னா, ஒருத்தருதான் இருப்பாக. அது யாருன்னு யோசிச்சுக்கோ."

யோசித்தான். ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது தவம்.

அடுத்த வருஷம் தீபாவளி சீசனுக்குப் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சாபீஸ் முதலாளி சீனிச்சாமிக்குப் பத்துக் கம்ப்யூட்டர் மிஷின் தேவைப்பட்டது. ராக்கெட் பெட்டியிலிருந்தே பாய்வது மாதிரிப் படம் வேண்டுமாம். இரண்டு கடைக்காரரையும் கூப்பிட்டார்.

"ஆளுக்கு ஒரு மிஷின் வைங்க. ஒரு மாசம் ராப்பகலா ஓடட்டும். எது நிக்காம ஓடுதோ அதுக்கு ஆர்டர்."

சேவல் சண்டைக்கு விடுகிறவர் மாதிரித்தான் சொன்னார். ஏசி போட்ட டிசைன் அறையில், ஒரே மேசைக்குக் கீழே, இரண்டு மிஷினையும் தரையில் அருகருகே வைத்தார்கள்.

பதினெட்டாம் நாள் அய்யாதுரையின் மிஷின் திரையில் கோடு கோடாக வந்து கருகல் வாடையோடு நின்றது. பச்சைக்காரன் மிஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் யார் வந்தது என்று அய்யாதுரை கேட்டான். "பெத்தணன் வந்து மேசைக்கடியில குனிஞ்சு பாத்துட்டுப் போனாரே" என்றார் டிசைனர். அவ்வளவுதான். தன் மிஷின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷன். திறந்து பார்ப்பதுதானே அவன் தொழில்!

பெத்தணன் கடையைத் திறந்துகொண்டிருந்தான். ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. அய்யாதுரை அதை எடுத்தான்.

"மச்சான், என்ன மச்சான்..."

முதல் அடி தோளில். பெத்தணன் மேசைமேல் விழுந்து, எழுந்திருக்க வலது கையை ஊன்றினான். அடுத்த அடி அந்தக் கையில். "எம் மிஷினையா தொட்ட? இந்தக் கைதானலே?" அதே இடத்தில் மறுபடி, மறுபடி. எலும்பு நொறுங்கும் சத்தம் பக்கத்து மளிகைக்கடை வரை கேட்டது. நாலு பேர் வந்து பிடித்து இழுக்கும்போதும் அவன் காலால் உதைத்துக்கொண்டுதான் இருந்தான். பச்சைப் பெட்டிகள் மேல் ரத்தம் தெறித்திருந்தது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, ஷட்டர் அறுந்து கையில் விழுந்துவிட்டது என்றான் பெத்தணன். அப்படிச் சொல்லவைத்தது பொன்மணி.

மூன்றாம் நாள் சீனிச்சாமி அய்யாதுரைக்கு ஆள் அனுப்பினார். பெத்தணன் மிஷினும் நின்றுவிட்டது. அதே கோடு, அதே வாடை.

அய்யாதுரை மேசைக்கடியில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்தான். இரண்டு அட்டையிலும் சூடு தணிக்கும் குட்டிக் காற்றாடி தங்கமாக மின்னியது. ஈயம் பற்றவைத்த இடமெல்லாம் மினுமினுவென்று பொடி.

அந்த நேரம் டீக்கு மணி அடித்தது. குருவம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் வேர்த்து வடிய உள்ளே வந்தார்கள். லேபிள் எழுத்து தங்கமாகத் தெரிவதற்கு ஈர மையின்மேல் உலோகப் பொடி தூவுகிறவர்கள். பொடி பறக்கும் என்று அவர்கள் அறையில் மின்விசிறியே கிடையாது. அதனால் டீ நேரத்தில் மட்டும் ஏசிக்கு முன்னால் நிற்க முதலாளி தர்மம் பண்ணியிருந்தார். குருவம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து, மேசைப் பக்கமாகத் திரும்பி, ரெண்டு உதறு உதறினாள்.

"எய்யா, என்ன அப்பிடிப் பாக்கீக? எங்க பொடிதான. தொடச்சாப் போயிரும்."

சிவப்பிலும் குற்றமில்லை, பச்சையிலும் குற்றமில்லை. காற்றாடி உள்ளே இழுத்த உலோகப் பொடி வழியே கரண்டு பாய்ந்து இரண்டும் கருகியிருந்தன. காற்றாடி இல்லாத அட்டையாக எதை மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும். மருந்துத் தூசியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை.

சீனிச்சாமி தோளில் தட்டினார். "விடுப்பா. ஆர்டர் ஒனக்குத்தான். ஸ்க்ரூ முடுக்குத கை இப்ப இந்தத் தெருவுல ஒன்னோடதுதான இருக்கு."

அய்யாதுரை அவர் கையைத் தட்டிவிட்டான். இரண்டு அட்டையையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினான்.

பெத்தணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை கட்டு. இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அய்யாதுரை அட்டைகளைப் போர்வைமேல் வைத்தான். பெத்தணன் இடது கையால் ஒன்றைத் தொட்டான். விரல் நுனி தங்கமானது.

"ரெண்டுமா, மச்சான்?"

"ரெண்டும்."

பெத்தணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அய்யாதுரை தங்கையிடம் திரும்பினான். "அடி தாயி. செருப்பால அடி. இந்தக் கையை ஒடி." கையை நீட்டிக்கொண்டே அழுதான். அடி வாங்கினால் தீர்ந்துபோகும் என்றுதான் இப்போதும் நினைத்தான்.

பொன்மணி அடிக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து, ரசம் சோற்றைப் பிசைந்து, புருஷன் வாயில் ஊட்ட ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு நர்ஸ் எவாஞ்சலின் வந்தார். "யாரும்மா இவுக? ஒங்க சொந்தமா?"

"இல்ல சிஸ்டர்," என்றாள் பொன்மணி, அடுத்த கவளத்தை உருட்டியபடி. "வேற யாரையோ பாக்க வந்தவுக போல. எடம் தெரியாம நிக்காக."