கருஞ்சாரையும் மாமாவின் புது வேட்டியும்

சேலத்தில் இண்டர்மீடியட் முடித்து ஜேடர்பாளையத்துக்கு மாமா வீடு வந்த கோடையில் எனக்குச் சாரைப்பாம்புப் பித்து. செம்மண் காட்டில் வைக்கோல் மஞ்சள், வாய்க்கால் கரையில் பழுப்பு, கரும்புக்குள் கன்னங்கரேல். சிலதுக்கு வால் பக்கம் வலைபோலக் கோடுகள், சிலதுக்கு அதுவும் கிடையாது. எல்லாம் ஒரே இனம் என்று நோட்டில் எழுதினேன். மாமா ஒப்பவில்லை.

"சாரைன்னா மஞ்சளா இருக்கோணும் மாப்ள. அத்தனையும் ஆம்பள. பொண்டாட்டி நாகம். கறுப்பா இருந்தா அது நாகந்தான்."

ஒருநாள் காலை வரப்பில் ஒரு மஞ்சளும் ஒரு கறுப்பும் முறுக்கிக்கொண்டு முழங்கால் உயரம் எழுந்து நின்றன. பிணையும் பாம்புகள்மேல் புதுத்துணி போர்த்தி, அதை எடுத்து வைத்தால் வீட்டில் நல்லது நடக்கும் என்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புதுச்சத்திரம் கிளம்பிய மாமா, கட்டியிருந்த புது வேட்டியை அவிழ்த்து வீசிவிட்டுக் கோவணத்தோடு கும்பிட்டார். பாம்புகள் பிரிந்ததும் வேட்டி பெட்டிக்குள் போனது, பயணமும் நின்றது. மஞ்சள் வாய்க்காலில் இறங்கியது. கறுப்பு வைக்கோற்போருக்குள் புகுந்தது.

வந்தது வினை. உள்ளே நாகம் இருக்கையில் யார் வைக்கோல் பிடுங்குவது? மறுநாள் எருதுகள் வெறுந்தொட்டியை நக்கின.

"வாயில்லாச் சீவன் பட்டினி கிடக்குது. ஒரு கத்தை உருவுங்களேன்," என்றாள் அத்தை.

"என்ற உசுரு உனக்கு அத்தனை இளப்பமா?"

நான் போனேன். வைக்கோலை விலக்கி வாலைப் பிடித்து இழுத்ததும் மணிக்கட்டில் ஒரு கடி! படம் எடுக்கவில்லை, உதட்டில் சாரைக்கே உரிய கறுப்புக் கீற்றுகள். கையை உதறினேன், கரும்புக்குள் ஓடிவிட்டது.

அத்தை அலறிக்கொண்டு என்னைக் கட்டிலில் தள்ளினாள். "தலை சுத்துதா கண்ணு?"

"பசிக்குதுங்க அத்தை."

இரண்டு வட்டில் கம்மஞ்சோறு தின்றேன். உச்சிப்பொழுது வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமா, எழுந்துபோய்த் தாமே வைக்கோல் பிடுங்கினார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அப்ப கறுப்பும் சாரையா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"சாரைன்னா ஆம்பள. ரெண்டும் ஆம்பளன்னா..." கத்தை கையிலிருந்து நழுவியது. "அடப்பாவிகளா! ரெண்டு பேரு கட்டிப் பொரண்டு சண்டை போட்டதுக்கா என்ற வேட்டியப் போத்துனேன்?"

சாரையில் பெண்ணும் உண்டுதான். ஆனால் அந்த இரண்டைப் பொறுத்தவரை மாமா சொன்னது சரி; அப்படி முறுக்கி எழுவது ஆண்களின் மல்லுக்கட்டு. எருதுகள் கீழே விழுந்த கத்தைக்கு முட்டிமோதின.

அத்தை சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்து உதறினாள்.

"சரி, கட்டிக்கிட்டுப் புதுச்சத்திரம் கிளம்புங்க. வழியில எது கட்டிப் பொரண்டாலும் அவுக்காதீங்க!"