ஆபீஸில் இல்லாத அத்தை

அந்தச் சிறிய மிருகக்காட்சி சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேரட்டக்கா என்றால்தான் தெரியும். கரடிக்குப் பூசணி, குரங்குகளுக்கு வாழைப்பழம், முள்ளம்பன்றிக்குக் கேரட் என்று காலையில் நறுக்க உட்கார்ந்தால், மதியம்தான் முதுகை நிமிர்த்துவாள்.

காதலித்தவனைக் கைப்பிடித்ததற்காக அவளைத் தலைமுழுகியவர் அவளுடைய அண்ணன். அவள் கணவன் இறந்தபோதுகூட வரவில்லை. அந்த ரோஷத்தில் சித்தியிடம் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நான் இங்க ஆபீஸ்ல மேனேஜர். யார் தயவும் எனக்கு வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈமு கோழிகளின் வேலிக்கு அருகே அதே அண்ணன் நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். அவள் இதுவரை கண்டிராத மருமகள்!

'அண்ணா!' என்று ஓடியிருக்கலாம். ஆனால் உடுப்பு முழுக்கப் பூசணி விதை, கையில் சாணி வாளி. இந்தக் கோலத்திலா அவர் கண்ணில் படுவது? முள்ளம்பன்றிக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

இடுக்கு வழியே பார்த்தாள். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. நரி, மலைப்பாம்பு, குரங்குகள் என்று எல்லாக் கூண்டின் முன்னும் நின்றார். ஆனால் கூண்டைப் பார்க்காமல் ஆட்களின் முகத்தையே பார்த்தார்.

"போறவங்க வர்றவங்களை எடை போடற புத்தி இன்னும் போகலை" என்று முணுமுணுத்தாள் பேதை.

அவர்கள் போன பிறகே வெளியே வந்தாள். டிக்கெட் கொடுப்பவன் டீயை நீட்டினான்.

"முள்ளம்பன்றிகிட்ட அப்படி என்னக்கா ரகசியம்? இங்க ஒரு கூத்தைத் தவறவிட்டுட்டீங்க. ஒருத்தர் குழந்தையோட வந்து, 'என் தங்கச்சி இங்க மேனேஜர், கூப்பிடுங்க'ன்னு என்னமோ ஒரு பேரைச் சொன்னாரு. ஆபீஸ்ல அப்படி யாருமே இல்லைன்னேன். நம்பாம உள்ள போய்ச் சுத்திச் சுத்தித் தேடினாரு. போறப்போ, 'இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டாளா? சரி'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே போயிட்டாரு."

"ஐயோ! அது எங்க அண்ணன்டா!"

வாசலுக்கு ஓடினாள். பேருந்து புறப்பட்டுப் போயிருந்தது.

சித்தி எப்போதோ கொடுத்த அண்ணனின் எண் இருந்தது. ஒருநாளும் அழைத்ததில்லை. இப்போது அழைத்தாள். வண்டி இரைச்சலுக்கு நடுவே குழந்தையின் குரல்.

"ஹலோ, யாரு?"

"அத்தைம்மா. அப்பாகிட்ட குடு தங்கம்."

"அப்பா! அத்தை! அத்தை பேசறாங்க!"

தாழ்ந்த குரலில் அண்ணன் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கவில்லை. குழந்தையே மறுபடி பேசினாள்.

"அத்தை, அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"அத்தை ஆபீஸ்ல இல்லடா கண்ணு. இங்க மிருகங்களுக்குக் காய் நறுக்கறேன். வெட்கப்பட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். அதை மட்டும் அப்பாகிட்ட சொல்லிடு..."

சொல்லி முடித்துக் காதைத் தீட்டியபோது எதிர்ப்புறம் அமைதியாக இருந்தது. இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. தான் சொன்னதில் எதுவரை குழந்தையின் காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.