நான்கு வீட்டுக்கு ஒரே வெளிச்சம்

பிள்ளைகளே, தேயிலைத் தோட்டத்தில் நம் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் இந்த லயத்துக்கு மின்சாரம் வந்த புதிதில் நான்கு வீட்டு மின்குமிழ்களும் பழுத்த மிளகாய் நிறத்தில் மங்கலாக எரியும். ஒரு வீட்டில் அணைத்தால் நான்கும் அணையும். மின்சாரம் என்றால் அப்படித்தான் போலும் என்று, நான்கு வீட்டாரும் பேசி வைத்து ஒரே நேரத்தில் படுத்தோம்.

வயர் இழுத்த தொழிற்சாலை எலெக்ட்ரீசியனிடம் நான்தான் போய்க் கேட்டேன்.

"மலை ஏறி வர்ற கரண்ட்டுப்பா. களைச்சுப் போயிருக்கும்" என்றார்.

நம்பிவிட்டேன். ஆனால் மறுபடி கேட்டதும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் கத்தினார்: "கடைசி வீட்டுக்காரன் களவா கரண்ட் எடுக்கிறான். அதான் மத்த வீடு மங்குது!"

கடைசி வீடு நம்முடையது. அன்றிலிருந்து உங்கள் அக்காவைப் பள்ளியில் 'கரண்டுக் கள்ளன் மக' என்றார்கள். அவள் சாப்பிடாமல் படுத்த அன்று, இந்த ஆளை விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லுணுகலை டவுனில் வீடியோ கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் விஞ்ஞானப் பாடக் கேசட் ஒன்று இருந்தது. மூன்று ஞாயிறு அவர் கடையிலேயே நின்று பார்த்தேன்.

"சண்டைப் படமெல்லாம் இருக்கு, இதையா பாக்குறீங்க?"

"இதுவும் சண்டைக்குத்தான் நானா. அந்த இடத்தத் திருப்பிப் போடுங்க."

கேசட்டில் சொன்னது இதுதான்: மேடேறத் தண்ணீர்தான் திணறும், அது புவியீர்ப்பு. மின்சாரத்துக்கு மேடும் இல்லை, களைப்பும் இல்லை. குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கோத்தால் மங்கும். ஒன்று போனால் எல்லாம் போகும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது.

மறுநாள் விடிந்தும் விடியாத பெரட்டில், டோர்ச் பேட்டரி இரண்டும் சின்னக் குமிழ் இரண்டும் எடுத்துப் போனேன். எல்லார் முன்னாலும், முதலில் எலெக்ட்ரீசியன் கோத்த மாதிரியே கோத்தேன். மங்கல். ஒன்றைக் கழற்றினேன், மற்றதும் அணைந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் கொடுத்தேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"இதுல கள்ளன் எங்க இருக்கான் பாஸ்?"

கொழுந்து பறிக்கப் போக நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் என் காதருகே வந்து, "நாளைக்கு மாத்தித் தாறேன், விடுப்பா" என்றார்.

"இன்னைக்கே மாத்துங்க. கள்ளன்னு இங்கதானே சொன்னீங்க? இல்லைன்னும் இங்கயே சொல்லுங்க. சத்தமா."

சொன்னார். போதவில்லை என்று இன்னொரு முறையும் சொல்ல வைத்தேன்.

இப்போதும் அவர் நம் வாசலைக் கடந்தால், நட்டநடுப் பகலிலும் விளக்கைப் போட்டுவிடுகிறேன். ஏன் என்று இனி அம்மாவிடம் கேட்காதீர்கள்.