தனி ஆளாக ஒரு கட்டுரை

சுவிஸின் பீல் நகரில் எங்கள் கட்டடத்துக்கு உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றுதான். அதன் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, வீடு வீடாகச் சுற்றும். எங்கள் முறை முடிந்ததும் அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அந்த அம்மாவின் முகம் ஒரு கிழமைக்குக் கறுத்திருக்கும். ஒரு அறைத் திறப்புக்கு இத்தனை காவல் காக்கும் சனம், கணினியின் திறப்பைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. அதுதான் என் தலையிடி.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவன் நான். கொழும்பில் கணினி அறையில் வேலை பார்த்தவன் என்று அறிந்ததும், கடிகாரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னைக் கணினிப் பகுதிக்கு மாற்றினார்கள். ஒருநாள் பழுதுபார்க்க வந்தவர் பெருமையாகச் சொன்னார்: இந்த வகை இயந்திரம் எங்கே நின்றாலும் தனக்கு உள்ளே நுழைய ஒரே இரகசியச் சொல்தானாம். வாங்கியவர்கள் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாதாம். அடக் கடவுளே! மூடி மறைப்பது பாதுகாப்பல்ல, குறையைப் பகிரங்கமாகச் சொல்லவேண்டும் என்று சூரிச்சில் நடக்கவிருக்கும் தகவல் பாதுகாப்பு மாநாட்டுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். எழுதி முடித்ததும் முதலில் தொழிற்சாலையில் காட்டினேன்.

என் மேலாளர் ஹெர் கூன்ஸ் நல்ல மனிதர். வாசித்துவிட்டு "இன்டரசான்ட்", சுவாரசியமாக இருக்கிறது, என்றார். பாராட்டுகிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

"இது எங்களுக்குத் தெரியும். ஆனால் சொல்வதில்லை," என்றார் பிறகு. "அனுப்புவதென்றால் பிரிவாட், தனி ஆளாக அனுப்புங்கள். எங்கள் பெயர் வேண்டாம்."

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி வசந்தி சோற்றுக் கரண்டியோடு வெடித்தாள்.

"தனி ஆளோ? இங்க எங்களை ஆர் தனி ஆளாப் பாக்கினம்? ஒருத்தன் களவெடுத்தா எல்லாத் தமிழரும் கள்ளர். நாளைக்குக் கொம்பியூட்டர் திறப்பு தமிழன்ர கையில எண்டு பேப்பரில வரும். அகதி வழக்கு இன்னும் முடியேல்லை, தெரியுந்தானே?"

"ஓமப்பா. நான் அந்தச் சொல்லை எழுதேல்லை. அப்பிடி ஒண்டு இருக்கெண்டுதான் எழுதினனான்."

"அதை ஆர் நம்புவினம்?"

அவள் சொன்னது சரி என்பதுதான் பயம். பல நாள் கட்டுரையைப் பையில் சுமந்துகொண்டே வேலைக்குப் போய்வந்தேன். பேருந்தில் பொலிஸ்காரர் ஏறினால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஊரில் சோதனைச் சாவடியிலும் இப்படித்தான் நின்றேன். கேட்டதற்கு மட்டும் பதில். மிச்சத்துக்கு வாய் பொத்தல். அங்கே முன்னால் ஆமிக்காரன் நீட்டிய துவக்கு இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? துவக்கு இல்லாத இடத்திலும் வாயைப் பொத்துவதென்றால் எதற்கு ஓடி வந்தேன் என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கட்டுரையைத் தபாலில் போட்டுவிட்டேன்.

"அனுப்பிட்டன்," என்றேன் மாலையில். வசந்தி தேத்தண்ணியை முன்னால் வைத்தாள்.

இதை எழுதும்வரை பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரம் லீவு நாட்களில் இரண்டு பேரும் யன்னலில் நிற்கிறோம். அவள் எதிர்பார்ப்பது அகதி வழக்கின் முடிவை, நான் மாநாட்டின் முடிவை. இரண்டு இடத்திலும் முகம் தெரியாத ஆட்கள் என் தாள்களை மேசையில் விரித்துவைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்: இவன் சொல்வதை நம்பலாமா?