விட்டுவைத்த சேவல்

வெர்லின் ஸ்டெகாலின் சட்டைகள் அனைத்தும் முழு நீளம் உடையவை. பிளாக் ஹா ஓடைக்கரை வேட்டைக் கழகத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர் அவர் ஒருவரே. வான்கோழியைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டையைப் பின்பக்கம் கீழ்முனையில் கத்தரித்து, அந்தத் துணித்துண்டில் அவன் பெயரை எழுதி, குடிலில் அடுப்புக்கு மேலுள்ள பலகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். சட்டை வால் என்று அதற்குப் பெயர். மற்ற உறுப்பினர்கள் எல்லோருடைய சட்டை வால்களும் அந்தச் சுவரில் புகையேறிக் கிடந்தன. அவற்றில் நான்கு ஒரே ஆளுடையவை. அந்த ஆள், வெர்லினின் மனைவி நேடீனின் தம்பி கார்லன்ட் ப்ரூயிட்.

வெர்லின் சாலைத் துறையில் மண்சமன் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மிசூரி மலைப்பக்கத்துச் சரளைச் சாலைகளில் ஒரு மேடு, ஒரு குழி விடாமல் சீவியவர் என்று பெயர் வாங்கியவர். வேட்டையிலும் அதே கறார்தான். இருட்டோடு போய் மரத்தடியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போனாலும் அசையமாட்டார். சுட்ட வான்கோழிச் சேவல் ஒவ்வொன்றின் மார்பில் தொங்கும் மயிர்த்தாடியையும் கால்முள்ளையும் தேதி எழுதிய உறையில் போட்டு வைத்திருந்தார்.

கார்லன்ட் பழைய வண்டிகளை வாங்கி விற்பவன். வேட்டைக்குத் தாமதமாக வருவான், காட்டில் தும்முவான், துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தின்பண்டம் தேடுவான். ஆனாலும் தேவாலயக் குலுக்கலில் பன்றித்தொடை அவனுக்குத்தான் விழும். ஓடையில் வெர்லின் காலையெல்லாம் தூண்டில் போட்ட மடுவில், பேச்சுவாக்கில் தூண்டிலை எறிந்து பெரிய மீனை இழுப்பவன் அவன். வெர்லின் வீட்டுச் சமையலறையில் நேடீன் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டால், உள்ளே தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். வெர்லின் சொல்லும் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததுமில்லை.

இளஞ்சேவலைச் சுடக்கூடாது என்ற விதியைக் கழகத்தில் கொண்டுவந்தவர் வெர்லின்தான். ஒரு வயது நிரம்பாத ஆண் வான்கோழியை அங்கே ஜேக் என்பார்கள். அது முழுச் சேவலைப்போல் கூவ முயன்று பாதியில் தொண்டை கட்டி நிற்கும். தாடி விரல் நீளம்தான். வாலை விரித்தால் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்தும். அரசுச் சட்டத்துக்கு அந்த விரல் நீளத் தாடியே போதும், சுடலாம். வெர்லினுக்குப் போதவில்லை. விதி வந்த வருஷம் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடினார்.

"இந்த வருஷம் ஜேக்கை எல்லாம் சுட்டுத் தீர்த்தா, வர்ற வருஷம் விடியக்காலைல கூவுறதுக்கு யார்யா இருப்பா?"

கழகத்தின் தலைவரும் தீவனக் கடைக்காரருமான டெல்பர்ட் தலையைச் சொறிந்தார். "ஆனா வெர்லின், இளசுக் கறிதானேப்பா பஞ்சு மாதிரி இருக்கும்? கிழச்சேவல் பூட்ஸ் தோலு. நீ பாவம்னு விட்டா நரி வந்து தின்னுட்டுப் போகப்போகுது."

"நரி தின்னா அது நரியோட பங்கு."

"நரி இல்லாம வேற எவனாச்சும் சுட்டுட்டா, அத்தான்?" என்று பின்வரிசையிலிருந்து கார்லன்ட் கேட்டான். "நீங்க பாத்துப் பாத்து விட்டுவச்சது, பெரிசானதும் இன்னொருத்தன் கைல மாட்டினா என்ன பண்ணுவீங்க?"

வெர்லின் நிமிர்ந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "அவனுக்கு நான் குடுத்த கொடைன்னு நெனச்சுக்குவேன்."

கைதட்டினார்கள். விதி நிறைவேறியது. ஜேக்கைச் சுட்டவனுக்குச் சட்டை வாலும் போகும். அடுத்த ஆண்டு வேட்டைப் பருவத்தின் தொடக்க நாளில் இடம் தேர்வதில் கடைசி வரிசையும் கிடைக்கும். குடிலில் ஒரு வரைபடப் பலகை உண்டு. எவன் எங்கே உட்காரப்போகிறானோ அங்கே தன் பெயர் வில்லையை மாட்டவேண்டும். ஒருவன் மாட்டிய இடத்துக்கு மற்றவன் போகக்கூடாது. தொடக்க நாளில் மேற்குக் குன்றின் ஆணியில் எப்போதும் வெர்லினின் வில்லைதான் தொங்கும். அந்தக் காட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் சம்பாதித்த சொத்துகளில் அவர் மிகவும் மதித்தது அந்த ஆணிதான்.

அதே வசந்தத்தில் மேற்குக் குன்றில் ஒரு ஜேக் அவருடைய துப்பாக்கி முனைக்கு நேரே வந்து நின்றது. இடது காலின் நடுவிரல் பாதியில் முடிந்திருந்தது. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுப் போகவிட்டார். மறு ஆண்டு ஈரமண்ணில் அந்தக் குட்டை விரல் தடத்தைப் பார்த்து மகிழ்ந்தார். மொட்டைவிரல் என்று பெயரும் வைத்தார். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், முள் வளைந்து கூராகட்டும் என்று மறுபடியும் விட்டுவைத்தார். இந்த ஏப்ரலில் டாக்வுட் மரங்கள் வெள்ளை பூத்தபோது, மொட்டைவிரலின் கூவல் குன்றையே அதிரவைத்தது. தாடி தரையைத் தொட்டது.

தொடக்க நாளுக்கு முந்திய மாலை, வரைபடப் பலகையின் முன் கார்லன்ட் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், எனக்கு ஒரு நல்ல இடம் சொல்லுங்களேன். போன வருஷம் பூரா முயலைத்தான் பாத்தேன்."

வெர்லின் யோசிப்பதுபோல் நின்றார். "அறுவை மில் பள்ளத்துக்குப் போ, மச்சான். அமைதியான இடம்."

அந்த இடத்தின் அமைதிக்குக் காரணம் உண்டு. அந்தப் பள்ளத்தில் வான்கோழி இறங்கி எவரும் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் மொட்டைவிரல் மரக்கிளையிலிருந்தே கூவியது. வெர்லின், மூடியைத் தேய்த்தால் பெட்டைக் குரல் எழும் மரப்பெட்டியை எடுத்து மெல்ல ஒருமுறை தேய்த்தார். சேவல் பதில் சொன்னது. இனிக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான் முறை. சேவல் தன்னிடம் பெட்டை வரும் என்று எதிர்பார்க்கும்; பெட்டை பேசாமல் இருந்தால்தான் அது தேடி வரும். வெர்லின் இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அன்று அவரால் பொறுக்க முடியவில்லை. மாலை குடிலில் மொட்டைவிரலைத் தோளிலிருந்து இறக்கும்போது கார்லன்டின் முகம் எப்படி மாறும் என்பதே கண்ணில் நின்றது. மறுபடி தேய்த்தார். மீண்டும் தேய்த்தார். சேவல் கீழே குதித்து, மரத்தடியிலேயே தோகை விரித்துச் சுற்றியது. நிஜப் பெட்டைகள் இரண்டு வந்து சேர்ந்துகொள்ள, அவற்றின் பின்னாலேயே சரிவில் இறங்கி மறைந்தது.

சிறிது நேரம் கழித்து அறுவை மில் பள்ளத்திலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

"தூங்கிட்டேன், சத்தியமா!" என்று குடிலில் கார்லன்ட் எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். "கண்ணைத் தொறந்தா முன்னாடி நிக்குது! இவரு யாருடா நம்ம இடத்துலன்னு என்னையே மொறைக்குது!" பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டெல்பர்ட் கால்முள்ளில் தன் தொப்பியை மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். வெர்லின் குனிந்து இடது காலைப் பார்த்தார். குட்டை விரல்.

"எல்லாம் அத்தான் தயவு," என்றான் கார்லன்ட். "அந்தப் பள்ளத்துக்குப் போன்னு சொன்னதே அவருதான்."

"விட்டுவச்சதும் அவருதானேய்யா!" என்று டெல்பர்ட் வெர்லினின் முதுகில் தட்டினார். "கொடைன்னு அன்னைக்கே சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

வெர்லின் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கன்னத்தில் வலித்தது. வீட்டில் நேடீன் தம்பிக்காக, மாவுக்குள் பழம் அடைத்துச் சுடும் பேரிக்காய்ப் பை செய்தாள். கணவருக்கும் ஒரு துண்டு வைத்தாள். அவர் தொடவில்லை. "மூணு வருஷமா நான் வளத்தேன். அவன் தூங்கி எந்திரிச்சு எடுத்துக்கிட்டான்," என்றார்.

"நீங்க தீனி போட்டா வளத்தீங்க?" என்றாள் நேடீன். "காட்டுப் பறவைதானே?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மறுவாரம் மேற்குக் குன்றில் அவர் தனியே உட்கார்ந்திருந்தபோது மூன்று பறவைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி வந்தன. ஒன்று கூவப்போய்ப் பாதியில் நின்றது. ஒன்று வாலை விரித்தது. நடு இறகுகள் நீண்டு துருத்தின. ஜேக்குகள். வெர்லினுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. போகட்டும் என்று துப்பாக்கியைத் தாழ்த்தியவர், முன்னால் நின்ற பறவையைப் பார்த்தார். தலை நிமிர்ந்து, நெஞ்சு விரிந்து, நல்ல வாகு. இரண்டு வருஷம் போனால் இன்னொரு மொட்டைவிரல். இரண்டு வருஷம் போனால், எங்கோ ஒரு பள்ளத்தில் தூங்கி எழுந்து கார்லன்ட் கண்ணைத் திறப்பான்.

சுட்டார்.

மற்ற இரண்டும் ஓடாமல் விழுந்த கூட்டாளியைச் சுற்றிச் சுற்றி வந்தன. வெர்லின் எழுந்து கைதட்டித் துரத்தினார். முறைப்படி தன் பெயர்ச் சீட்டைப் பறவையின் காலில் கட்டி முடித்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கார்லன்ட் வெடிச்சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"விழுந்துச்சா, அத்தான்? எவ்வளவு பெரி..." என்றவன் நின்றான். பறவையைப் பார்த்தான். வெர்லினைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கார்லன்ட் சிரிக்காமல் நின்றதை வெர்லின் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தெரியாமச் சுட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

கார்லன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "என்கிட்ட குடுங்க. நான் சுட்டேன்னு சொல்லிக்கிறேன். என் சட்டை வாலு நாலு இருக்கு, அஞ்சாத்தான் இருக்கட்டுமே. எனக்குக் கடைசி வரிசையும் ஒண்ணுதான், முதல் வரிசையும் ஒண்ணுதான். உங்களுக்கு இந்தக் குன்று போயிடக் கூடாது."

"கால்ல என் சீட்டு கட்டியிருக்கு."

"அதை எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? எவன் தூக்கிட்டு வர்றான்னுதான் பாப்பாங்க." பிறகு, பறவையைத் தோளில் போட்டபடி, "அந்தப் பள்ளத்துல ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சுதான் என்னை அனுப்புனீங்கன்னு எனக்கும் தெரியும் அத்தான். பரவால்ல. நல்லாத் தூங்கினேன்," என்றான்.

இறக்கத்தில் கார்லன்ட் முன்னால் நடந்தான். அவன் முதுகில் வெர்லினின் பறவை ஆடியது.

அன்று குடிலில் கூட்டுச் சாப்பாடு. குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். கார்லன்ட் பறவையை மேசைமேல் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். "சரணம் ஐயா! ஜேக்தான். கண்ணு மோசம், புத்தி அதவிட மோசம். கத்தரிக்கோலை எடுங்க!"

கூரை அதிர்ந்தது. ஒருவர் அவன் முதுகில் குத்தினார். ஒருவர் அவனுக்கு பியர் புட்டி உடைத்துக் கொடுத்தார். "தப்புப் பண்றவன் எல்லாரும் பண்றான். வந்து நின்னு ஒத்துக்கிறான் பாரு, அவன் ஆம்பளை!" என்றார் டெல்பர்ட். நேடீன் தம்பியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். "என் தம்பி மனசு யாருக்குய்யா வரும்?"

வெர்லின் கதவோரம் நின்றார். குன்று அவருக்கே. சட்டை முழுசாக இருந்தது. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. மொட்டைவிரலை எடுத்துக்கொண்டான், சரி. பேரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டான், சரி. இப்போது அவருடைய குற்றத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான். டெல்பர்ட் கார்லன்டின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தரிக்கோலை விரித்தார்.

"அதை விடுங்க," என்றார் வெர்லின்.

யாருக்கும் கேட்கவில்லை. மேசையை ஓங்கித் தட்டினார்.

"அது என் பறவை! நான் சுட்டது. கால்ல சீட்டைப் பாருங்க!"

டெல்பர்ட் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"அத்தான், சும்மா இருங்களேன்," என்று கார்லன்ட் கெஞ்சினான். "நான்தான் சொல்லிட்டேன்ல?"

"நீ யாருடா சொல்றதுக்கு? என் ஜேக்கு! என் துப்பாக்கி! தெரிஞ்சே சுட்டேன். அதுலயும் உனக்குப் பங்கு வேணுமா?"

"ஏன் வெர்லின்?" என்று டெல்பர்ட் உண்மையான வியப்போடு கேட்டார். "விதியே நீ போட்டதுதானே?"

வெர்லின் கார்லன்டைக் காட்டினார். "விட்டுவச்சா இவன் சுடுவான்."

முதலில் சிரித்தவள் நேடீன். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சமையலறையில் தம்பிக்காகச் சிரிக்கும் அதே சிரிப்பு. பிறகு குடிலே சிரித்தது. வெர்லின் சிரிக்காமல், பெல்ட்டிலிருந்து சட்டையை உருவிவிட்டு, டெல்பர்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கத்தரிக்கோல் மழுங்கல், துணி தடிப்பு. அறுக்க நேரமாயிற்று. ஒருவரும் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டெல்பர்ட் துணியில் பெயரையும் தேதியையும் எழுதி, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு நாற்காலியில் ஏறினார். "அடுத்த வருஷம் நீதான் கடைசி, தெரியுமில்ல? மேற்குக் குன்று போச்சு."

"தெரியும்."

"எங்கய்யா அடிக்க? கார்லன்டோடதுக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

வெர்லின் நாற்காலியருகே போய் நின்று, சுவரை அண்ணாந்து பார்த்து, வரிசை வரிசையாக அளந்தார்.

"மேல," என்றார். "அவனோடதுக்கு மேல அடிங்க."