கடலுக்குக் கொடுத்த செவ்வாய்

முல்லைத்தீவுக் கரையில் எஞ்சின் திருத்தும் லோறன்ஸ், ஆபிரிக்காவில் கானா நாட்டுத் துறைமுகமொன்றில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்தபோது இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று பூப்போட்ட சட்டை. மற்றது செவ்வாய்க்கிழமை.

கானாவின் அந்தக் கரையில் செவ்வாய் கடல் தெய்வத்தின் நாள். மீன்பிடிக்க வள்ளம் இறங்காது. அன்று கிழிந்த வலைகளை இருந்து பொத்துவார்கள். போன புதிதில் ஒரு செவ்வாய், திருத்திய எஞ்சினை ஓட்டிப் பார்க்க இவர் கடலில் இறங்கிவிட்டார். கரைத் தலைவர் கூப்பிட்டு விசாரித்து, தண்டமாக ஓர் ஆடு கேட்டார். ஆடு கறியானபோது முதல் பந்தியில் இருத்தியதும் இவரைத்தான். அன்றிலிருந்து லோறன்ஸ் செவ்வாயில் எஞ்சின் தொடுவதில்லை. ஊருக்கு வந்த பிறகும்தான்.

தங்கச்சி எமில்டாவின் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நிற்கும் நேரத்தில் அது வினையாகிவிட்டது. கலியாணம் கட்டாத மனிதர். இந்த ஒன்றுக்காகவே புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார். "வேற தெய்வத்துக்கு நாள் பிடிக்கிறவன் பிள்ளையைத் தூக்கலாமோ?" என்று கோயில் மூப்பர் செல்வநாயகம் பங்குத் தந்தையிடம் போய்விட்டார்.

"அண்ணை, செவ்வாய் அந்தோனியாற்ற நாள்தானே. அவருக்கெண்டு சொல்லிவிடுங்கோவன்," என்றாள் எமில்டா.

"அவரை ஏனடி பொய்ச்சாட்சிக்கு இழுக்கிறாய்?"

பங்குத் தந்தையிடம் லோறன்ஸ் உள்ளதையே சொன்னார். "ஞாயிறு அங்கை கோயில் நிரம்பி வழியும், ஃபாதர். அதே சனம்தான் செவ்வாய் கடலை ஆறவிடுது. எனக்கு அது பிழையாத் தெரியேல்லை."

"எங்கட கோயிலுக்கு உது சரிவராது," என்றார் பக்கத்தில் நின்ற மூப்பர்.

"மூப்பர், உங்கட வள்ளத்து எஞ்சின் மூடியைத் திறக்கிறவன் நான். உள்ளுக்கு மந்திரிச்ச தேசிக்காய் கட்டினது ஆர்?"

மூப்பர் இருமினார். "அது... மனுசி கட்டினது."

"கிழமைக்குக் கிழமை புதுசோ?"

ஃபாதர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். "லோறன்ஸ், விசுவாசப் பிரமாணம் பாடமோ?"

"ஓம், ஃபாதர்."

"அப்ப ஞாயிறு நீரே பிள்ளையைத் தூக்கும்."

தூக்கினார். பிள்ளை புதுச் சப்பாத்தை நனைத்துவிட்டது.

கடலுக்குள் தெய்வம் இருக்கிறதா என்று கேட்டால் லோறன்ஸுக்கே தெரியாது. செவ்வாயில் கை நட்டுக் கழட்டும் சாவிக்குப் போக மறுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் மூப்பரின் எஞ்சின் நின்றுபோனது. லோறன்ஸின் வீட்டுப் படலைவரை வந்தவருக்கு அப்போதுதான் கிழமை ஞாபகம் வந்தது.

"நாளைக்கு வாறன், தம்பி. வரேக்க அந்தத் தேசிக்காயையும் கழட்டிப்போட்டு வாறன்."

"ஏன் மூப்பர்? அது தன்ரபாட்டில கிடக்கட்டும்."